சாப்ளினை இயக்கிய பெண்

தொளதொளத்த கால்சட்டை, இறுகிய மேல்சட்டை, காலுக்குப் பொருந்தாத பெரிய காலணிகள், சிறு தொப்பி, மூங்கில் கைத்தடி, ஒட்டு மீசை. உலகமே அறிந்த இந்த வேடத்துடன் சார்லி சாப்ளின் முதன்முதலாகப் படக்கருவியின் முன் வந்து நின்றது 1914ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில். இடம், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஈடன்டேல் பகுதியில் இருந்த கீஸ்டோன் நிறுவனத்தின் படப்பிடிப்புத் தளம். விடுதி ஒன்றின் வரவேற்புக் கூடம்போல அரங்கு அமைத்திருந்தார்கள். போதையில் தள்ளாடி வரும் ஒருவன், நாயுடன் அங்கே வந்திருக்கும் இளம்பெண்ணை நெருங்குகிறான். நாயைக் கட்டிய வாரில் சிக்கித் தடுமாறுகிறான். தன் நிலை தனக்கே விளங்காமல் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்கிறான்.

அந்தப் படத்தின் பெயர் ‘மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிகமென்ட்’. மேபலுக்கு நேர்ந்த விநோதச் சங்கடம் என்று பொருள் கொள்ளலாம். தலைப்பில் இருப்பது சாப்ளினின் பெயரன்று. நாயுடன் நிற்கும் அந்தப் பெண்ணின் பெயர். மேபல் நார்மண்டுக்கு அப்போது வயது 21. படத்தின் நாயகி அவர்தான். படத்தை இயக்கியவர் என்று இன்றைய பட்டியல்களுள் பெரும்பாலானவை குறிப்பிடுவதும் அவரைத்தான்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். 2014இல் அந்த நாடோடி வேடத்தின் நூற்றாண்டையொட்டிச் சிற்றிதழ் ஒன்றுக்கு நான் நீண்ட கட்டுரை எழுதினேன். அந்த அரங்கையும் நாயையும் தொப்பியையும் அதில் விரிவாக வர்ணித்திருந்தேன். மேபலைப் பற்றி நான் எழுதியது உடன் நடித்த நடிகை என்ற மூன்று சொற்கள் மட்டுமே. நான் நம்பியிருந்த நூல்களில் அவருக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான் என்பது ஒரு சமாதானம். ஆனால், படத்தை நான் பலமுறை பார்த்தவன். தலைப்பில் இருந்த பெயர் யாருடையது என்று கேட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மேபல் நார்மண்ட் 1892 நவம்பரில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் பிறந்தார். தந்தை தச்சர், சிறு அரங்குகளில் பியானோ வாசித்தும் பிழைத்தவர். வீட்டில் வறுமை. பதின்ம வயதிலேயே ஓவியர்களின் முன் அசையாமல் அமர்ந்து கூலி பெறும் வேலைக்கு மேபல் சென்றார். சார்லஸ் டானா கிப்சன், ஜேம்ஸ் மான்ட்கோமரி ஃபிளாக் போன்ற புகழ்பெற்ற ஓவியர்களின் கூடங்களில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தவர் அவர். முகத்தின் சிறு அசைவும் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை அங்கேதான் கற்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பிற்காலத்தில், கைகால்களை வீசி நடிப்பவர்கள் நிறைந்த நகைச்சுவைப் படங்களில், ஓர் இமையை உயர்த்தியே சிரிப்பை வரவழைத்தவர் அவர்.

பின்பு திரைக்கு வந்தார். வைட்டாகிராஃப், பயோகிராஃப் ஆகிய நிறுவனங்களில் மாறி மாறி நடித்தார். பயோகிராஃபில் டி.டபிள்யூ.கிரிஃபித் இருந்தார், மேரி பிக்ஃபோர்டு இருந்தார். அங்கேதான் மேக் சென்னட்டும் இருந்தார். கனடாவில் பிறந்தவர், கிரிஃபித்திடம் தொழில் கற்றவர், ஆனால், கிரிஃபித்தின் கண்ணீர்க் கதைகளைவிட, ஓடும் போலீஸ்காரரையும் வழுக்கி விழும் பெரிய மனிதரையும் அதிகம் நம்பியவர். மேபலின் துணிச்சலை முதலில் கண்டுகொண்டவர் அவர்தான். உயரத்திலிருந்து நீரில் பாய்வது மேபலுக்கு விளையாட்டு. 1912இல் வெளியான ‘எ டேஷ் த்ரூ த கிளவுட்ஸ்’ படத்துக்காக, கட்டைகளையும் துணியையும் கொண்டு கட்டப்பட்ட அந்தக் கால விமானத்தில் ஏறிப் பறந்தார். சாகசத்துக்கு மாற்றாளை அனுப்பும் வழக்கமெல்லாம் அப்போது இல்லை.

பயோகிராஃப் நிறுவனம் தன் நடிகர்களின் பெயர்களை நெடுங்காலம் வெளியிட மறுத்தது. பெயர் தெரிந்தால் கூலி உயரும் என்ற கணக்கு. பிரிட்டனிலோ ரசிகர்களின் ஆர்வத்தைத் தணிக்க நடிகர்களுக்குக் கற்பனைப் பெயர்கள் சூட்டப்பட்டன. அங்கே மேபல், மியூரியல் ஃபார்ட்டஸ்க்யூ என்று அறியப்பட்டார். தன் முகம் அடுத்தவர் பெயரில் ஊர் ஊராகச் செல்வதைப் பார்த்தவர் அவர் என்பதை நினைவில் கொண்டால்தான், சில ஆண்டுகளுக்குள் அவர் பெயரே படங்களின் தலைப்பானதன் பொருள் விளங்கும்.

சென்னட் 1912இல் கீஸ்டோன் நிறுவனத்தைத் தொடங்கிக் கலிஃபோர்னியாவுக்கு வந்தபோது, மேபலும் உடன் வந்தார். அந்நிறுவனம் முதன்முதலாக வெளியிட்ட படங்களுள் ஒன்றான ‘த வாட்டர் நிம்ஃப்’ படத்தின் நாயகி அவர்தான். கீஸ்டோனில் படமெடுப்பது ஏறக்குறைய தெருக்கூட்டத்தை நடத்துவதைப் போன்றது. எழுதி வைத்த கதை பெரும்பாலும் இருக்காது. பூங்காவில் ஒரு பெஞ்சு, ஏரிக்கரை, கார்ப் பந்தயம் என எது கிடைத்தாலும் அங்கே கூட்டமாகச் சென்று அதைச் சுற்றி ஒரு கலவரத்தை உண்டாக்குவார்கள். ஒரு ரீல், சுமார் ஆயிரம் அடி. திரையில் ஏறத்தாழ கால் மணி நேரம். சில நாள்களில் ஒரு படம் முடிந்துவிடும். மாவுப் பண்டத்தை ஒருவர் முகத்தில் எறியும் வேடிக்கையைத் திரையில் தொடங்கி வைத்ததே மேபல்தான் என்று சொல்வார்கள். அதற்குமுன் யாருமே எறிந்திருக்கவில்லை என்று நம்ப என்னால் முடியவில்லை. மேபலின் பெருமையைச் சொல்ல அந்தக் கதை தேவையும் இல்லை.

பெயர் சொல்லும் இயக்குநர்

1913ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், இனித் தன் படங்களை மேபலே இயக்குவார் என்ற செய்தி வெளியாயிற்று. அமெரிக்காவில் படம் இயக்கிய முதல் பெண் அவர் அல்லர். பிரான்ஸில் தொழிலைத் தொடங்கிய ஆலிஸ் கீ பிளாஷே அப்போது அமெரிக்காவில் சொந்த ஸ்டுடியோவே நடத்திக்கொண்டிருந்தார். லோயிஸ் வெபர் சமூகப் பிரச்சினைகளைப் படமாக்கிக்கொண்டிருந்தார். ஆனால், ஆண்கள் ஒருவரையொருவர் உதைத்துக்கொள்ளும் நகைச்சுவைத் தளத்தில், 21 வயதுப் பெண்ணொருத்தி படக்கருவியின் முன்னும் நின்று, பின்னும் நின்று, எல்லோரையும் இயக்குவது எளிதான செயலன்று.

அந்தச் சமயத்தில்தான் சாப்ளின் அங்கே வந்தார். இங்கிலாந்தின் அரங்குகளில் பழகிய 24 வயது நடிகர். வாரச் சம்பளம் 150 டாலர். முதல் படம் அவருக்கே பிடிக்கவில்லை. அடுத்து மேபலின் படத்துக்காக வேடம் புனைந்துகொண்டு வந்தபோதுதான் நாடோடி பிறந்தான். இரண்டு நாள் முன்னதாக வெளியாகிவிட்டதால், ‘கிட் ஆட்டோ ரேசஸ் அட் வெனிஸ்’ படத்தையே நாடோடியின் முதல் படம் என்று பலரும் எழுதுகிறார்கள். முதலில் படமாகத் தொடங்கியது மேபலுடையது.

தன் சுயசரிதையில் சாப்ளின் அந்த நாளை நுட்பமாக விவரித்திருக்கிறார். அவரது காட்சி எழுபத்தைந்து அடி ஓடியதாம். கீஸ்டோனில் ஒரு காட்சி பத்து அடியைத் தாண்டுவதே அரிது. அதை வெட்டுவதா, முழுதாக விடுவதா என்ற விவாதம் எழுந்தது. முழுதாக விடுவதென்று முடிவாயிற்று. புதிதாக வந்த ஒருவருக்கு நாயகியின் படத்தில் அவ்வளவு இடம் கிடைத்தது. தளத்தில் சென்னட்டும் இருந்தார். அவர் சொல்லே இறுதிச் சொல். ஆனாலும், தன் பெயரைத் தாங்கிய படத்தின் தொடக்கத்தை இன்னொருவர் தட்டிச் செல்வதைப் பொறுத்துக்கொண்டவர் மேபல். அவருடைய இடத்தில் வேறு எந்த நட்சத்திரம் இருந்தாலும் அந்த எழுபத்தைந்து அடி நமக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

சில வாரங்களில் பூசல் வந்தது. ‘மேபல் அட் த வீல்’ படத்தில், தண்ணீர்க் குழாயை வைத்து ஒரு வேடிக்கை செய்யலாம் என்று சாப்ளின் யோசனை சொன்னார். நேரமில்லை என்று மேபல் மறுத்தார். சாப்ளின் வேலை செய்ய மறுத்துச் சாலையோரம் அமர்ந்துவிட்டார். தன்னைவிட இளைய, அழகிய ஒரு பெண்ணுக்குத் தன்னை இயக்கும் தகுதி உண்டா என்று தான் ஐயுற்றதைப் பிற்காலத்தில் அவர் மறைக்காமலே எழுதினார். சென்னட் அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட எண்ணினார். அதற்குள் நியூயார்க்கிலிருந்து செய்தி வந்தது: சாப்ளினின் படங்களுக்குத் திரையரங்குகளில் நல்ல கிராக்கி, இன்னும் வேண்டும். சென்னட் இறங்கி வந்தார். படத்தை மேபலுடன் முடித்துக் கொடுத்தால், அவரையே இயக்கவிடுவதாகச் சமரசம் ஏற்பட்டது. சாப்ளின் இயக்குநரான கதை அது. அதே சமயம், ஒரு பெண் இயக்குநரின் சொல்லுக்குத் தன் தளத்திலேயே எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதைக் காட்டும் கதையும் அதுதான். இந்த இரண்டாவது கதையை நூற்றாண்டாக யாரும் அதிகம் சொல்லவில்லை.

மேபல்தான் சாப்ளினை உருவாக்கினார் என்று இப்போது சிலர் எழுதத் தொடங்கியிருப்பதும் எனக்கு ஏற்புடையதன்று. ஒரு புறக்கணிப்பை ஈடுசெய்ய இன்னொரு மிகையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், 1914இல் இருவரும் பத்துக்கும் மேற்பட்ட படங்களில் சேர்ந்து நடித்தார்கள் என்பது உண்மை. மேடைக்கலைஞரான சாப்ளினுக்குப் படக்கருவி புதிது. மேபலுக்கோ அது மூன்று, நான்கு ஆண்டுகள் பழகிய துணை. அந்தப் படங்களை வரிசையாகப் பார்ப்பவருக்கு, சாப்ளினின் வேகம் குறைந்து, முகம் நிதானமடைந்து வருவது தெரியும். பக்கத்தில் நிற்பவரிடமிருந்து எதையும் கற்காமல் அது நிகழ்ந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அவருடைய இயக்கத்தைத் தனித்துப் பார்க்க விரும்புவோருக்கு நான் பரிந்துரைப்பது ‘மேபல்ஸ் பிளண்டர்’. அதுவும் 1914ஆம் ஆண்டின் படம்தான். அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண் ஒருத்தி முதலாளியின் மகனுக்கு நிச்சயிக்கப்பட்டிருக்கிறாள். முதலாளிக்கும் அவள்மேல் கண். ஒரு நாள் வேறொரு பெண் வந்து காதலனைத் தழுவிக்கொள்வதைப் பார்த்துக் கொதித்துப்போகிறாள். கார் ஓட்டுநரின் உடையை வாங்கி அணிந்துகொண்டு வேவு பார்க்கப் புறப்படுகிறாள். அவளுடைய உடையில், முகத்திரையுடன் நிற்கும் ஓட்டுநரிடம் முதலாளி கொஞ்சிக் குழைகிறார். வந்தவள் காதலனின் சகோதரி என்பது கடைசியில்தான் தெரிகிறது. கதை பழையது. ஆனால், முதலாளியின் இச்சகத்தைச் சகித்துக்கொண்டு வேலை பார்க்கும் பெண்ணின் முகத்தில் வந்துபோகும் சலிப்பை இயக்குநர் அவசரமின்றிக் காட்டுகிறார். ஓட்டுநரின் தொப்பியை அணிந்ததும் அவள் நடையிலேயே ஒரு விடுதலை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படம் 2009இல் சேர்க்கப்பட்டது.

பின்பு ரோஸ்கோ ஆர்பக்கிளுடன் ஒரு பெரும் வரிசை. பருத்த உடலும் பஞ்சு போன்ற அசைவும் கொண்ட அவருடன் மேபலின் சிற்றுருவம் அருமையாகப் பொருந்தியது. 1916இல் வெளியான ‘ஃபேட்டி அண்ட் மேபல் அட்ரிஃப்ட்’ படத்தில் உறங்கும் மனைவியின் நெற்றியில் கணவனின் நிழல் மட்டும் குனிந்து முத்தமிடும். மௌனப்படக் காலத்தின் மிக மென்மையான காட்சிகளுள் அது ஒன்று. அந்தப் படத்தை இயக்கியவர் ஆர்பக்கிள். அந்த ஆண்டே மேபலின் பெயரில் தனி நிறுவனமும் தனி ஸ்டுடியோவும் ஏற்பட்டன. அங்கே உருவான ‘மிக்கி’ 1918இல் வெளியாகி, அக்காலத்தின் பெரும் வசூல் படங்களுள் ஒன்றாயிற்று. அதற்குள் மேபல், சாமுவேல் கோல்ட்வினின் நிறுவனத்துக்கு மாறியிருந்தார். அங்கே அவர் நடித்தவற்றுள் பல இன்று அழிந்துவிட்டன.

சென்னட்டுக்கும் மேபலுக்கும் இருந்த காதல், நின்றுபோன திருமணம் பற்றியெல்லாம் நிறைய எழுதியிருக்கிறார்கள். 1974இல் பிராட்வேயில் அதை இசை நாடகமாகவே நடத்தினார்கள். அந்தப் பக்கம் நான் செல்லவில்லை.

பிறர் வழக்குகள்

1921 செப்டம்பரில், சான் ஃபிரான்சிஸ்கோ விடுதியொன்றில் ஆர்பக்கிள் அளித்த விருந்துக்கு வந்திருந்த இளம் நடிகை ஒருவர் சில நாள்களில் இறந்தார். ஆர்பக்கிள்மீது வழக்கு. மூன்று முறை விசாரணை நடந்து, 1922 ஏப்ரலில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. நடுவர்கள் தீர்ப்புடன் நில்லாமல் அவருக்கு அநீதி இழைக்கப்பட்டதாகவும் எழுதிக் கொடுத்தார்கள். ஆனாலும், சில நாள்களிலேயே அவருடைய படங்களுக்குத் தடை வந்தது. அந்த விருந்தில் மேபல் இல்லை. அவருடன் நடித்த படங்கள் முடங்கின. இணைந்து நடித்தவர் என்ற பேச்சும் தொடர்ந்தது.

அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே இரண்டாவது இடி. 1922 பிப்ரவரி 1 மாலை, இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லரின் வீட்டுக்கு மேபல் சென்றார். டெய்லர் நிறையப் படித்தவர். மேபலுக்குப் புத்தகங்கள் தருபவர். ஏழே முக்கால் மணியளவில் அவர் வாசல்வரை வந்து மேபலைக் காரில் ஏற்றி அனுப்பினார். மறுநாள் காலை அவரது உடலைப் பணியாளர் கண்டார். துப்பாக்கியால் சுடப்பட்டிருந்தார். கொலையாளி யார் என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. காவல் துறை மேபலை விசாரித்தது. அவர்மேல் குற்றம் சாட்டவில்லை. பத்திரிகைகளுக்கு அது போதவில்லை. கடைசியாகச் சந்தித்தவர் என்ற ஒரே தகுதியின்பேரில் அவருடைய கடிதங்கள், நட்புகள், நோய், பழக்கங்கள் எல்லாம் முதல் பக்கத்துக்கு வந்தன. இளமையிலிருந்தே அவரை வாட்டிய காசநோயின் இருமலைக்கூடப் போதைப் பழக்கத்தின் அடையாளமாக எழுதினார்கள். பத்திரிகையில் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில், அந்த நாள்களின் செய்திகளைப் படிக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தலைப்புகள் எழுதப்பட்ட விதம் நமக்கு அந்நியமானதன்று.

அதற்குப் பிறகும் அவர் எழுந்தார். 1923இல் வெளியான ‘த எக்ஸ்ட்ரா கேர்ள்’ படத்தில், சிங்க வேடமிட்ட நாய் என்று நினைத்து நிஜச் சிங்கத்தைக் கயிற்றில் கட்டி ஸ்டுடியோ முழுவதும் இழுத்துக்கொண்டு திரிவார். திரும்பிப் பார்க்காமல் நடந்தபடியே அதை அதட்டுவார். நடிகையாக வேண்டுமென்று ஊரைவிட்டு வந்து ஏமாறும் பெண்ணின் கதை அது. படம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், 1924 புத்தாண்டு நாளில் மூன்றாவது சம்பவம். மேபல் சென்றிருந்த வீட்டில், அவருடைய கார் ஓட்டுநர் அங்கிருந்த எண்ணெய் அதிபர் ஒருவரை மேபலின் துப்பாக்கியாலேயே சுட்டுவிட்டார். அதிபர் பிழைத்தார், ஓட்டுநரும் விடுதலையானார். சில ஊர்களில் மேபலின் படங்களைத் தடை செய்தார்கள். சாப்ளினின் நாயகி எட்னா பர்வியன்ஸும் அன்று அதே வீட்டில் இருந்தார்; அவருடைய திரைவாழ்வும் அத்துடன் ஏறக்குறைய முடிந்தது.

மூன்று வழக்குகள். ஒன்றிலும் மேபல் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. விடுதலை பெற்றவர்களும் உயிர் பிழைத்தவர்களும் இருந்தார்கள். தண்டனை என்று எவரேனும் அனுபவித்திருந்தால், அவர்களுள் ஒருவர் மேபல். விருந்து வைத்தவன், சுட்டவன், சுடப்பட்டவன் எல்லோரையும் விட்டுவிட்டு, அருகில் இருந்த பெண்ணின் ஒழுக்கத்தை முதலில் விசாரிக்கும் பழக்கம் அன்றைய அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று.

ஹால் ரோச் நிறுவனம் 1926இல் அவரை அழைத்துச் சில குறும்படங்கள் எடுத்தது. ஆலிவர் ஹார்டி அவருடன் நடித்தார். ஸ்டான் லாரல் திரைக்குப் பின் உதவினார். லாரல்-ஹார்டி என்ற இணை உலகப் புகழ் பெறுவதற்குச் சற்று முந்தைய காலம் அது. படங்கள் மோசமில்லை, ஆனால், மேபலின் கன்னங்கள் ஒடுங்கியிருப்பதை ஒப்பனை மறைக்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் நடிகர் லூ கோடியை மணந்தார். 1929இல் மான்ரோவியா நகரின் காசநோய் மருத்துவமனையில் சேர்ந்தவர், 1930 பிப்ரவரி 23 அன்று காலமானார். வயது 37. பேசும் படங்கள் வந்து ஊரையே மாற்றிக்கொண்டிருந்த நேரம். அவர் ஒரு பேசும் படத்திலும் நடிக்கவில்லை. இறுதிச் சடங்கில் சென்னட், சாப்ளின், கிரிஃபித் எல்லோரும் வந்து நின்றார்கள்.

அவர் இயக்கியவற்றுள் பலவற்றைக் காணவில்லை. அவை எரிந்தும் உருகியும் போகும் தன்மையுள்ள நைட்ரேட் சுருள்களில் பதிவானவை. திரையிட்ட பின் யாரும் பாதுகாக்க நினைக்காதவை. ஆனால், 2010இல் நியூசிலாந்தின் ஆவணக் காப்பகத்தில் பழைய அமெரிக்கப் படச்சுருள்கள் பல அடையாளம் காணப்பட்டன. திரையிட்டு முடித்தபின் அவ்வளவு தொலைவிலிருந்து திருப்பி அனுப்பும் செலவை மிச்சப்படுத்தவே அங்கே விட்டுவைத்தவை அவை. அவற்றுள் ‘வொன் இன் எ கப்போர்டு’ என்ற பெயரில் ஒரு படம் இருந்தது. 1914 ஜனவரியில், சாப்ளினின் நாடோடி திரைக்கு வருவதற்குச் சில நாள்களுக்கு முன், மேபல் நார்மண்டின் இயக்கத்தில் வெளியான படம் அது. அவர் இயக்கியவற்றுள் இன்று நம்மிடம் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது அதுதான்.

என் பழைய கட்டுரை இப்போது ஒரு தொகுப்பில் சேரவிருக்கிறது. மெய்ப்புத் தாளில் அந்த மூன்று சொற்களை அடித்துவிட்டு, படத்தை இயக்கிய மேபல் நார்மண்ட் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.